கல்சுவர் வீட்டுக்கு எது சரி: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

நீலகிரியில் யாராவது "வைஃபை விட்டு விட்டு வருது" என்றால் உடனே கிடைக்கும் பதில், "ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டுங்க." குன்னூர், கோத்தகிரி பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு இந்தப் பதில் பொருந்தாது. பழைய பங்களாக்களில் சுவர் முழுக்கக் கல், கனமோ ஒன்றரை அடிக்கு மேல். புதிய வீடுகள் சரிவில் நிற்பவை: ரோட்டு மட்டத்தில் ஒரு தளம், அதற்குக் கீழே மண்ணை ஒட்டி இன்னொரு தளம், நடுவில் கம்பி போட்ட கான்கிரீட். ஃபைபர் ரோட்டுப் பக்கமாக உள்ளே வருவதால் ரௌட்டரும் அங்கேயே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறது. பிள்ளைகள் படிப்பதும் பெரியவர்கள் லேப்டாப்பில் வேலை பார்ப்பதும் கீழ்த்தளத்தில். அலை பாதி வெளியே ரோட்டுக்குப் போகிறது, மீதி கான்கிரீட்டில் முட்டி நிற்கிறது.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியே லைனிலா? லேப்டாப்பை வைஃபையில் வைத்துக்கொண்டு, திரையில் ஒரு கமாண்ட் ஜன்னலைத் திறந்து, ரௌட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1, ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) பிங், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை, ஓடவிடுங்கள். இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு. நெட் நிற்கும்போது ரௌட்டரிடமிருந்தே பதில் வராவிட்டால் சிக்கல் வீட்டுக்குள். ரௌட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் நின்றுபோனால் சிக்கல் லைனில். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் சோதனையே தேவையில்லை. ஒளி வந்து சேரவில்லை, லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

இங்கே பலரும் பனிமூட்டத்தின் மேல் பழி போடுகிறோம். ஃபைபரில் போவது கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளி, மூட்டம் அதைத் தொடாது. மழைக்காலத்தில் நெட் போவதற்குக் காரணங்கள் வேறு: கற்பூர மரக் கிளை முறிந்து கம்பி மேல் விழுகிறது, இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறது, எங்கோ கம்பி மடங்கிக் கிடக்கிறது, அல்லது கரண்ட் இல்லாமல் வழியில் இருக்கும் கருவி அணைந்துவிடுகிறது. இவற்றில் எதையும் ரிப்பீட்டரோ மெஷ்ஷோ சரிசெய்யாது.

சரி, சிக்கல் வீட்டுக்குள்தான் என்று தெரிந்துவிட்டது. இனி ஒப்பிடலாம்.

ரிப்பீட்டர் மலிவு, பிளக்கில் சொருகினால் போதும். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் கருவி. ஒரே அலைவரிசையில் கேட்டுச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், சிக்னல் வராத அறையிலேயே அதை மாட்டிவிடுகிறோம். அதற்கே காது கேட்காத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், கதவுகள் நேராகப் பார்க்கும் நடையில், மாட்ட வேண்டும். வாடகை வீட்டிலும் எஸ்டேட் லைன் வீட்டிலும் சுவரைத் துளைக்க முடியாது. அங்கே ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டினால் போதும் என்றால் ரிப்பீட்டரே நல்லது.

மெஷ் என்பது வீட்டில் அங்கங்கே வைக்கும் சில கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது. நிச்சயம் மேலான பொருள். வீடு முழுக்க ஒரே பெயர், நடந்துகொண்டே பேசினாலும் அழைப்பு அறாமல் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு மாறும். ஆனால் அந்தக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அலையில்தான், அதே கல்சுவரைத் தாண்டித்தான். கீழ்த்தளத்துக் கருவிக்கு மேலேயிருந்து பலவீனமான சிக்னல் வந்தால், போனில் முழுக் கோடும் காட்டும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். கருவிகளை கேபிளால் இணைத்தால் மெஷ் பிரமாதமாக வேலை செய்யும். எப்படியும் கேபிள் இழுக்கத்தான் வேண்டும் என்றால், அதை முதலில் இழுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

கரண்ட் ஒயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. பழைய வயரிங், வேறு வேறு ஃபேஸ், கீசர், ஹீட்டர் என்று இருக்கும் மலை வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஆக, என் ஓட்டு லேன் கேபிளுக்கும் இரண்டாவது ரௌட்டருக்கும். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த வீட்டுக்கும் இது தாராளம். சுவரில் ஒரே ஒரு துளை, அல்லது ஜன்னல் சட்டத்தின் ஓரமாக வெளியே இறக்கிக் கீழ்த்தளத்துக்குள் கொண்டுவரலாம். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே தோற்றத்தில் விற்கிறது. வெளியே போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை, அதற்கு மேல் பிவிசி பைப். குரங்கு தொங்கும், எலி கடிக்கும். தோட்டத்தில் தாழ்வாகக் கட்டிய கம்பியைக் காட்டுமாடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது ரௌட்டர் புதிதாக இருக்க வேண்டியதில்லை, அலமாரியில் கிடக்கும் பழையது போதும். அதில் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணையுங்கள்; அதை மேலே உள்ள ரௌட்டரே பார்த்துக்கொள்ளும். முகவரியை 192.168.1.2 என்பதுபோல் வீட்டில் வேறு எந்தக் கருவிக்கும் கிடைக்காத ஒன்றாக மாற்றுங்கள். கேபிளை வான் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) துளையில் சொருகாமல் லேன் துளையில் சொருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மேலே உள்ளதே இருக்கட்டும், சானல் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 மட்டும்தான். மேலே 1 என்றால் கீழே 11 வையுங்கள். மெஷ் போல வழுக்கிக்கொண்டு மாறாது, மாடிப்படி இறங்கும்போது ஒரு கணம் தடுமாறலாம். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கீழ்த்தளத்திலேயே ரௌட்டர் இருப்பதால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமும் கிடைக்கும். மேலேயிருந்து வந்தால் அந்த அலை கான்கிரீட்டைத் தாண்டவே திணறும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேன் கேபிள் வேண்டாம். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியாக அவுட்ஹவுஸோ விருந்தினர் காட்டேஜோ இருந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி இழுக்காதீர்கள். கோடைமழை இடி மின்னல் காலத்தில் பக்கத்தில் மின்னல் இறங்கினாலே அந்தக் கம்பி வழியாக இரண்டு பக்கத்துக் கருவியும் கருகலாம். அங்கே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஒளியை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைப்பதே சரி. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. செலவு சற்றுக் கூடும், ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் புது ரௌட்டர் வாங்குவதைவிட மலிவு.

அப்புறம் கரண்ட். காற்றடித்தால் மின்சாரம் கண்ணிமைத்து வரும் ஊர் இது. ஒரு கணம் போனாலும் ரௌட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து இணைய ஓரிரு நிமிடம் பிடிக்கும், மீட்டிங்கில் இருப்பவருக்கு நெட் போனதாகவே தெரியும். பெரும்பாலான வீட்டு ரௌட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, அதற்கென்றே சின்ன டிசி யுபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட்டும் பேட்டரிப் பெட்டி, கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து.