ரீஸ்லிங்குக்குத் திருகு மூடியே போதும்

போன மாதம், கல்யாண நாளுக்கென்று எட்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெள்ளை பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயினைத் திறந்தேன். தக்கை முழுசாக, அழகாக வந்தது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா எட்டு வருஷம் என்னைத் தொடவிடலை?" என்றாள். மிச்சம் தொட்டியில் போனது.

டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை இது. தக்கையிலிருந்து ஒயினில் இறங்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழவாசத்தைத் தின்றுவிடும். அதனால் இந்த வருடம் தக்கைக்கு மாற்றாக வரும் மூடிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் கிளேர் பள்ளத்தாக்கு. ஜெஃப்ரி குரோசெட் உள்ளிட்ட அங்கத்திய ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டு ஒயினைச் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகத் திருகு மூடியில் அடைத்தார்கள். 1970களிலேயே பியூசி வேல் என்ற வேறொரு தோட்டத்து ரீஸ்லிங்கில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மலிவுச் சரக்கு என்று ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

திருகு மூடியில் காற்றைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் வட்டத் தகடு. திறந்ததும் அதைத்தான் பார்ப்பேன். வெள்ளிபோல் மின்னினால் வெள்ளீயத் தகடு வைத்தது; காற்று அநேகமாகப் புகாது. வெறும் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் விடும். பத்து வருட ரீஸ்லிங் ஒன்று வெள்ளீயத் தகட்டு மூடியோடு கிடைத்தது. எலுமிச்சை வாசம் அப்படியே இருந்தது.

குறை இல்லாமலா? சில பாட்டிலில் தீக்குச்சி கிழித்த வாடை வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பு டம்ளரில் ஒருமுறை ஊற்றிக் கிளாஸுக்கு மாற்றினேன், வாடை போய்விட்டது. அதிலேயே வைத்துக் குடிக்காதீர்கள். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி கரைத்த கதையாகிவிடும்.

பிளாஸ்டிக் தக்கை வேண்டவே வேண்டாம். திருகாணியிலிருந்து பிடுங்கவே தனி பலம் வேண்டும், திரும்பப் பாட்டிலில் நுழையாது. இரண்டே வருடத்தில் ஒயின் வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி பழுப்பேறியிருந்தது. 1999இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் ஒரே செமியோன் வெள்ளை ஒயினை 14 வகை மூடிகளில் அடைத்துப் பார்த்தபோதும் பிளாஸ்டிக்குக்கு இதே கதிதான்.

கண்ணாடி மூடி அழகு. விலைதான் கூட. அடியில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதுதான் அடைக்கிறது. என் மகள் மூன்றைச் சேர்த்துவைத்திருக்கிறாள்.

வெள்ளை பர்கண்டி செய்யும் திராட்சையான ஷார்டனேயின் ஒயினுக்கு என் ஓட்டு டயாம் என்ற தக்கைக்கு. தக்கையைப் பொடியாக்கி, அழுத்தம் ஏற்றிய கார்பன் டை ஆக்சைடில் டிசிஏவைக் கழுவி எடுத்து, திரும்ப ஒட்டிச் செய்தது. 5, 10, 30 என்று தாங்கும் வருடக் கணக்கைப் பெயரிலேயே சேர்த்திருக்கிறார்கள். பர்கண்டியில் டொமைன் லெஃப்லேவ் என்ற ஒயின் பண்ணையே 2014 ஒயினிலிருந்து இதற்கு மாறிவிட்டது. பழைய மாதிரி தக்கை பிடுங்கும் சடங்கும் கெடவில்லை.

அந்தப் பாழாய்ப்போன பர்கண்டியில் இன்னொரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. அதுவும் அசல் தக்கைதான். இந்த முறை திறக்கும் வேலையை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.