மேக்னம் ரைஃபிளின் உதை: பிரேக்கா, சப்ரெஸரா, ரப்பர் மெத்தையா?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் அடிக்கடி காணக் கிடைப்பது .300 வின்செஸ்டர் மேக்னம். 1963-இல் வந்த, மருந்து அதிகம் அடைத்த தோட்டா. 11.7 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் தள்ளும். ரைஃபிள் 3.6 கிலோ இருந்தால் தோளில் வந்து விழும் உதை, கணக்குப் போட்டால், ஏறத்தாழ 40 ஜூல். சாதாரண .308 தோட்டா சுடும், அதே எடையுள்ள ரைஃபிளின் உதை இதில் பாதிதான்.

வலி ஒரு பிரச்சினையே இல்லை. எதிரே எல்க் நிற்கும்போது தோள் வலித்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பயிற்சிக் களத்தில் மேசை போட்டு உட்கார்ந்து இருபது தோட்டா சுடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. அடி வரப்போகிறது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. விசை முழுதாக அழுந்துவதற்குள் கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் தள்ளும், குண்டு எங்கோ போகும். சந்தேகமிருந்தால் நண்பரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றை நடுவில் கலந்து போடச் சொல்லுங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு குழல் முனை குப்பென்று கீழே இறங்கும். பார்க்கவே வெட்கமாக இருக்கும்.

உதையைக் குறைக்கும் வழிகளில் அதிக பலமுள்ளது மஸ்ஸில் பிரேக். குழல் முனையில் திருகும், பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு உருளை. உதைக்குக் காரணம் குண்டு மட்டுமில்லை. அதன் பின்னால் பாயும் வாயுவும்தான். .300 மேக்னத்தில் எரியும் மருந்து மட்டும் 4.7 கிராம் இருக்கும். மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த வாயுவின் கணக்கு. பிரேக் அதைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலும் திருப்பிவிடுகிறது. மருந்து அதிகமாக இருக்க இருக்க அதன் வேலையும் நன்றாக எடுபடும் என்பதால் மேக்னத்துக்கு இது பொருத்தமான மருத்துவம். உதை 30 முதல் 50 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 40 ஜூல் ரைஃபிள் .308 மாதிரி நடந்துகொள்ளும்.

ஆனால் பின்னால் திரும்பிய வாயு உங்கள் காதுக்கு வருகிறது. 140 டெசிபலைத் தாண்டிய வெடிச் சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கலாம். பிரேக் போட்ட மேக்னம் சுடுபவர் காதருகே 160-ஐத் தாண்டும். இருபது டெசிபல் என்றால் நூறு மடங்கு ஆற்றல். களத்தில் காதுறை போட்டுக்கொள்ளலாம், சரி. காட்டில் மான் நிற்பது முப்பது நொடி. அதற்குள் காதுறையை யார் தேடுவது? பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் வழிகாட்டிக்கு நிலைமை இன்னும் மோசம். பிரேக் உள்ள துப்பாக்கியோடு வராதீர்கள் என்று சொல்லும் வழிகாட்டிகள் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தரையில் படுத்துச் சுட்டால் கிளம்பும் புழுதி தனி.

குழல் முனையில் மாட்டி, அதே வாயுவைச் சிறை வைத்து மெதுவாக விடுவது சப்ரெஸர். உதையைக் குறைப்பதில் நல்ல பிரேக்கைவிட ஒரு படி கீழே. சத்தத்திலோ 20 முதல் 30 டெசிபல் குறைக்கும். சினிமாவில் வரும் 'புஸ்' எல்லாம் கிடையாது. குண்டு ஒலியை முந்திப் போவதால் அதன் சாட்டையடிச் சத்தம் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் 1934 சட்டம் இதற்கு 200 டாலர் வரி போட்டது. அன்றைக்கு அது பெரிய தொகை. 2026 ஜனவரி முதல் வரி பூஜ்யம், ஆனால் பதிவும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. நார்வேயிலும் ஃபின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் இதைச் சர்வசாதாரணமாக மாட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடிக்காதது நீளம்தான். 26 அங்குலக் குழலோடு இன்னொரு 7 அங்குலம் சேர்ந்தால் புதருக்குள் மூங்கில் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருக்கும்.

எடை கூட்டுவது சட்டமும் சத்தமும் இல்லாத வழி. 3.6 கிலோவை 4.5 ஆக்கினால் உதை 40-இலிருந்து 32 ஜூலுக்கு இறங்கும். தோளில் ஊன்றும் கட்டைக்குள் வைக்கப் பாதரசக் குழாய் விற்கிறார்கள். அதில் வேலை செய்வது பெரும்பாலும் எடைதான் என்பது என் எண்ணம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க ஏறும்போது அந்த ஒரு கிலோவைத் திட்டாதவர் யார்? களத்தில் மட்டும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சின்ன மணல் பை வைத்தால் போதும், காசே ஆகாது.

கட்டையின் பின்முனையில் மாட்டும் ரப்பர் மெத்தை உதையின் ஆற்றலைத் துளியும் குறைக்காது. அடி விழும் நேரத்தை நீட்டி, பரப்பை அகலமாக்கும், அவ்வளவுதான். ஆனால் தோளுக்கு அதுவே பெரிய வித்தியாசம். பழைய ரைஃபிள்களில் இருக்கும் கல் மாதிரி கெட்டியான ரப்பரைக் கழற்றிவிட்டு லிம்ப்சேவர், பாக்மேயர் டிசெலரேட்டர் போன்ற மிருதுவான மெத்தை ஒன்றை மாட்டுங்கள். கட்டையின் நீளம் கூடுகிறதா என்று மட்டும், குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாருங்கள்.

கட்டையின் வடிவத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. வெதர்பி நிறுவனத்தின் ரைஃபிள்களில் கன்னம் படும் இடம் முன்பக்கமாகச் சரிந்திருக்கும். உதைக்கும்போது கட்டை கன்னத்தை விட்டு விலகிப் போகும். இதற்கு நேர்மாறான சரிவு இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் தாடையில் ஒரு குத்து. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் கவனிக்க வேண்டும். என் வலது புருவத்தின் மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. ஸ்கோப்பை ஒரு அங்குலம் பின்னால் தள்ளி மாட்டியது நானேதான். பிரேக் இருந்திருந்தாலும் அந்த வெட்டு தப்பியிருக்குமா தெரியாது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலமாவது விடுங்கள்.

ஆக என் வரிசை: முதலில் கட்டையும் ஸ்கோப்பும், அப்புறம் மெத்தை. அதற்கும் அடங்காவிட்டால், சட்டம் அனுமதிக்கும் ஊரில் சப்ரெஸர். பிரேக் கடைசி, அதுவும் களத்தில் மாட்டி, காட்டுக்குப் போகும்போது கழற்றுகிற மாதிரி. கழற்றினால் குண்டு விழும் இடம் நகரும், ஆகவே மறுபடி குறி பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, மேக்னம் எதற்கு என்பது. ஸ்வீடனில் தலைமுறைகளாக மூஸ் மானை 6.5×55 என்ற, உதை குறைந்த தோட்டாவில் வீழ்த்துகிறார்கள். 1925-இல் வந்த .270 வின்செஸ்டர், அதே எடையுள்ள ரைஃபிளில் 23 ஜூல் அளவுக்குத்தான் உதைக்கும். முந்நூறு மீட்டருக்குள் நிற்கும் எல்க்குக்கு அது தாராளம். நானும் இப்போது அதைத்தான் எடுத்துப் போகிறேன். மேக்னம் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது, பிரேக்கோடு.