ஸ்பேம்அசாசினா, ஆர்ஸ்பேம்டியா? சொந்த மெயில் சர்வர் நடத்துகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டு புகார்கள் மாறி மாறி வரும். "குப்பை மெயில் நிறைய வருது" என்பது ஒன்று. "எனக்கு வரவேண்டிய மெயில் வரவே இல்லை" என்பது இன்னொன்று. முதலாவது எரிச்சல், இரண்டாவது நஷ்டம். டெண்டருக்கு வந்த பதிலோ கல்லூரி அனுப்பிய அட்மிஷன் கடிதமோ ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்து தேதி கடந்துவிட்டால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அதனால் எந்த வடிகட்டி அதிகம் பிடிக்கிறது என்பதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். ஒரு நல்ல மெயில் மாட்டிக்கொண்டால், ஏன் மாட்டியது என்று எது சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது? ஸ்பேம்அசாசின், ஆர்ஸ்பேம்டி என்ற இரண்டு ஸ்பேம் வடிகட்டிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன். சர்வர் லினக்ஸ், மெயிலை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் போடுவது டவ்காட் என்று வைத்துக்கொள்வோம். சிறிய, நடுத்தர அலுவலகங்களில் பரவலாக இருப்பது இந்த அமைப்புதான்.

ஸ்பேம்அசாசின் மூத்தது. ஜஸ்டின் மேசன் 2001இல் வெளியிட்டது, பெர்ல் மொழியில் எழுதப்பட்டது, 2004இல் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது. கிழடாகி நின்றுவிடவும் இல்லை. 4.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. ஆர்ஸ்பேம்டி, வ்செவலத் ஸ்தாகவ் தொடங்கியது. உள்கட்டு சி மொழியில், விதிகள் பெரும்பாலும் லுவாவில். நினைவில் வைக்கவேண்டியவற்றை எல்லாம் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது.

இரண்டுமே மதிப்பெண் போடும் முறைதான். ஒவ்வொரு விதியும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், கடைசிக் கூட்டுத்தொகையைப் பார்த்து முடிவு. ஸ்பேம்அசாசினில் ஒரே கோடு: 5ஐ எட்டினால் ஸ்பேம். ஆர்ஸ்பேம்டியில் மூன்று கோடுகள்: 4 தாண்டினால் "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று அனுப்புபவரைத் திருப்பிவிடும், 6 தாண்டினால் ஸ்பேம் என்று ஹெடரில் (மெயிலின் தலைப்பகுதியில்) எழுதி உள்ளே விடும், 15 தாண்டினால் வாசலிலேயே மறுக்கும். ஒன்றின் எண்ணை இன்னொன்றில் அப்படியே கொண்டுபோய்ப் போடக்கூடாது. "பழைய சர்வரில் 5 வைத்திருந்தோம், இங்கேயும் மறுப்பதற்கு 5 வைப்போம்" என்று செய்தால் நல்ல மெயில்கள் கொத்தாகத் திரும்பிப் போகும்.

மறுப்பது எங்கே நடக்கிறது

இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் என்று நான் நினைப்பது இதுதான். ஸ்பேம்அசாசினைப் பலர் மெயிலை வாங்கி வரிசையில் போட்ட பிறகு ஓட்டுகிறார்கள், நேராகவோ அமாவிஸ் என்ற இடைநிரல் வழியாகவோ. அந்த நேரத்தில் அனுப்பியவரின் சர்வர் "கொடுத்தாயிற்று" என்று இணைப்பை மூடிவிட்டுப் போயிருக்கும். இனிமேல் மறுப்பதென்றால் நாமே ஒரு திரும்பல் கடிதம் எழுதவேண்டும். அனுப்பியவர் முகவரி ஸ்பேமில் பெரும்பாலும் போலி என்பதால், அந்தக் கடிதம் சம்பந்தமே இல்லாத யாருக்கோ போய்ச் சேரும், நம் ஐபியின் பெயரும் கெடும். ஆகவே ஸ்பேம் ஃபோல்டரில் போடுவது, அல்லது சத்தமில்லாமல் அழிப்பது, இரண்டே வழி.

ஆர்ஸ்பேம்டி பொதுவாக மில்டராக, அதாவது மெயில் வந்துகொண்டிருக்கும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் கருத்துக் கேட்கும் நிரலாக உட்காரும். இணைப்பு திறந்திருக்கும்போதே தீர்ப்பு வந்துவிடும். தவறாக ஒரு நல்ல மெயிலை மறுத்தாலும், அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே "போய்ச் சேரவில்லை" என்று தெரிவிக்கும். அவர் போன் போட்டுக் கேட்பார். ஸ்பேம் ஃபோல்டரில் மாதக்கணக்கில் புதைந்து கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஸ்பேம்அசாசினையும் மில்டராக மாட்டலாம், அதற்குத் தனி நிரல் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் மில்டர் வழியாகச் செய்யவே கட்டியது ஆர்ஸ்பேம்டி என்பது பயன்படுத்தும்போது தெரியும்.

வடிகட்டி படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். மெயிலை ஸ்பேம்அசாசினிடம் கொடுத்து வாங்கும் ஸ்பேம்சி என்ற சிறு நிரல், பின்னால் இருக்கும் சேவையை அடைய முடியாவிட்டால் மெயிலைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். திடீரென்று ஒரு காலை குப்பை கொட்டுகிறது, எந்த மெயிலிலும் ஸ்பேம் ஹெடரே இல்லை என்றால் விதிகளை நோண்ட வேண்டாம், சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். மில்டர் என்றால் போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான நடத்தை வேறு: தற்காலிகமாகத் திருப்பிவிடும். குப்பையும் வராது, நல்லதும் வராது. "காலையிலிருந்து ஒரு மெயிலும் இல்லை" என்ற புகார் ஆர்ஸ்பேம்டி நின்றுபோனதற்கான அறிகுறி.

ஒரு ஹெடரைப் படித்துப் பார்ப்போம்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர், அலுவலக சர்வர் வழியாகவே, பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழைந்து, சக ஊழியருக்கு மெயில் அனுப்புகிறார். அது ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகிறது. ஸ்பேம்அசாசின் ஓடும் சர்வர்களில் இதைப் பார்க்காத நிர்வாகி குறைவு. ஹெடரைத் திறந்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: அனுப்பிய ஐபி, தடுப்புப் பட்டியல்கள் நடத்தும் ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலில் இருக்கிறது, 3.3. அந்த ஐபியின் பெயர் பிராட்பேண்ட் இணைப்பு மாதிரி இருக்கிறது, 1. முன்பு கற்ற மெயில்களின் சொற்களை வைத்துச் செய்யும் பேயஸ் கணிப்பு நடுவில் நிற்கிறது, 0.8. மொத்தம் 5.1. கோடு 5. முடிந்தது கதை.

பிபிஎல் என்பது குற்றவாளிப் பட்டியல் இல்லை. "இந்த ஐபிகளிலிருந்து யாரும் நேரடியாக வெளி சர்வருக்கு மெயில் அனுப்பக் காரணம் இல்லை" என்பதற்கான பட்டியல். வீட்டு பிராட்பேண்ட் அதில் இருப்பது சரியே. ஊழியர் நேரடியாக அனுப்பவில்லை, உள்நுழைந்துதான் அனுப்பினார். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தத் தகவலை, மெயில் வந்த வழியைச் சொல்லும் ரிசீவ்ட் ஹெடரில் எழுதுவது இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இதற்கு ஹெடரை மட்டுமே நம்பியிருக்கும் ஸ்பேம்அசாசினுக்கு விஷயம் தெரிய வழியில்லை. உள்நுழைந்த விவரத்தை ஹெடரில் எழுதச் சொல்லும் அமைப்பைப் போஸ்ட்ஃபிக்ஸில் இயக்கினால் பிரச்சினை தீர்ந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கோட்டை 5இலிருந்து 7க்கு ஏற்றிவிட்டு, குப்பையையும் சேர்த்து உள்ளே விடுகிறவர்கள் நிறையப் பேர்.

இதே மெயில் ஆர்ஸ்பேம்டியில் மாட்டாது. யார் உள்நுழைந்தார் என்பதைப் போஸ்ட்ஃபிக்ஸ் மில்டர் வழியாகவே சொல்லிவிடுகிறது. உள்நுழைந்தவர்களுக்குப் பட்டியல் சோதனையை ஆர்ஸ்பேம்டி தவிர்க்கும்.

அப்புறம், கணக்கை எங்கே பார்ப்பது? ஆர்ஸ்பேம்டிக்கு 11334 போர்ட்டில் ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. வரலாறு என்ற பகுதியில் ஒவ்வொரு மெயிலும், அதற்குப் பொருந்திய விதிகளும், ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் வரிசையாக நிற்கும். வாசலில் மறுக்கப்பட்டதும் அதில் இருக்கும், இதுதான் அருமை. ஆனால் இயல்பாக 200 மெயில்கள் வரைதான் வைத்திருக்கும். கொஞ்சம் பரபரப்பான சர்வரில் அது ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது, முதல் நாளே உயர்த்திவிடுங்கள். விரிவான ஹெடர் எழுதும் அமைப்பையும் இயக்கிவிட்டால் மெயிலிலேயே கணக்கு நிற்கும். ஸ்பேம்அசாசினில் ஸ்பேம் என்று தீர்ப்பான மெயிலில் முழு அறிக்கை வரும், நல்லது என்று விட்டதில் விதிகளின் பெயர் மட்டும் வரும். எல்லா மெயிலுக்கும் அறிக்கை எழுதச் சொல்ல ஒரு வரி போதும். கூடவே, ஸ்பேமை ஒரு புது மெயிலுக்குள் இணைப்பாகச் சுருட்டி வைக்கும் அதன் இயல்பையும் அணைத்துவிடுங்கள். நல்ல மெயில் ஒன்று மாட்டினால், பயனருக்கு அது வைரஸ் மாதிரி தெரிகிறது.

இரண்டுக்கும் பொதுவான நோய்: டிஎன்எஸ்

"வடிகட்டி வேலை செய்யவில்லை" என்று வரும் சிக்கலில் பெரும்பகுதி வடிகட்டியில் இல்லை. ஓர் ஐபி தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதை வடிகட்டி டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு விடை தரும் சேவை) வழியாகத்தான் கேட்கிறது. சர்வரோ 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸைக் கேட்டுக்கொண்டிருக்கும். தடுப்புப் பட்டியல் நடத்துகிறவர்கள் இலவசக் கேள்விகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். பொது டிஎன்எஸ் வழியாக வரும்போது உலகமே ஒரே ஆள் மாதிரி தெரிவதால் பதில் தர மறுத்துவிடுவார்கள். ஸ்பேம்அசாசின் ஹெடரில் யுஆர்ஐபிஎல்_பிளாக்டு என்ற பெயரையோ, ஆர்ஸ்பேம்டியில் ஓபன்ரிசால்வர் என்று முடியும் பெயரையோ பார்த்தால் இதுதான் காரணம். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி, வேறு யாரிடமும் கேள்வியைத் தள்ளாமல் தானே தேடிப் பதில் காணும்படி வைத்தால் பிடிபடும் ஸ்பேம் கண்கூடாகக் கூடும்.

இதைவிட ஆபத்தானது போஸ்ட்ஃபிக்ஸிலேயே ஸ்பேம்ஹவுஸ் பட்டியலை மொட்டையாக எழுதி வைப்பது. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரும். "உன் கேள்வி செல்லாது" என்பது அதன் பொருள். பதில் ஏதாவது வந்தாலே பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் போஸ்ட்ஃபிக்ஸ், வரும் மெயில் அனைத்தையும் மறுத்துவிடும். 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டும் ஏற்கச் சொல்லி எழுதுங்கள். மூடிப்போன பட்டியல்களையும் அமைப்பிலிருந்து நீக்குங்கள். ஓஆர்டிபி 2006இல் மூடியது, 2008இல் கேட்டதற்கெல்லாம் "ஆம்" என்று சொல்ல ஆரம்பித்தது, அதை நீக்காமல் வைத்திருந்த சர்வர்கள் நல்ல மெயிலையெல்லாம் திருப்பி அனுப்பின. சார்ப்ஸ் 2024இல் மூடப்பட்டது, அதன் பெயர் இன்னும் எத்தனையோ அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது.

மெயில் சர்வரை டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பெல்லாம் 172இல் தொடங்கும் உள் ஐபியிலிருந்து வருவதாக லாக் சொன்னால், வடிகட்டி எல்லோரையும் வீட்டு ஆள் என்று நினைக்கும். ஆர்ஸ்பேம்டி, எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்ற சோதனை), பட்டியல் சோதனைகளைத் தவிர்த்துவிடும். ஸ்பேம்அசாசினில் ஆல்_டிரஸ்டட் என்று வந்து ஒரு மதிப்பெண் குறையும். வெளி மெயிலில் அந்தப் பெயரைப் பார்த்தால் நம்பகமான பிணையப் பட்டியலைச் சரிபாருங்கள்.

பழக்குவது

பேயஸ் இரண்டிலும் உண்டு, இரண்டிலும் 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் கற்ற பிறகுதான் வாய் திறக்கும். நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது ஸ்பேமை மட்டும் ஊட்டுவது. நல்ல மெயில் 200 சேரும்வரை அது தொடங்காது. தமிழில் வரும் கடிதங்களையும் நல்ல மெயில் பக்கம் கட்டாயம் ஊட்டுங்கள். கற்காத சொற்களைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இல்லை, தமிழ் மெயில் முழுவதும் நடுவிலேயே நிற்கும்.

ஸ்பேம்அசாசினில் அடிக்கடி நடப்பது: ரூட்டாக (சர்வரின் தலைமைக் கணக்கில்) உள்நுழைந்து ஆயிரக்கணக்கில் கற்றுக்கொடுப்பார்கள், அது ரூட்டின் கோப்பில் போய்ச் சேரும். சேவை ஓடுவது வேறு பயனர் பெயரில், அதன் கோப்பு காலி. கற்றல் கட்டளையை எந்தப் பயனராக ஓட்டுகிறோம் என்று பார்த்தால் போதும். ஆர்ஸ்பேம்டியில் எல்லாம் ரெடிஸில் இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அந்த ரெடிஸ் வேறு வேலைகளுக்கும் பொதுவாக இருந்து, நினைவகம் நிறைந்ததும் பழையதைத் தூக்கி எறியும்படி அமைத்திருந்தால் கற்றதெல்லாம் கரையும். பேயஸுக்குத் தனி ரெடிஸ் வைப்பது நல்லது. பயனர் ஸ்பேம் ஃபோல்டருக்குள் நகர்த்தினாலே கற்றுக்கொள்ளும்படி டவ்காட்டில் சீவ் என்ற மெயில் விதி மொழியில் விதி எழுதலாம், இரண்டுடனும் சேரும்.

காக்கவைத்து வாங்குவது

ஸ்பேம்அசாசினோடு கிரேலிஸ்டிங் (முதல் முறை தற்காலிகமாகத் திருப்பி, மறுபடி வந்தால் வாங்குவது) வேண்டுமென்றால் போஸ்ட்கிரே மாதிரி தனி நிரல் போடுவார்கள். அது முகம் தெரியாத எல்லோரையும் 5 நிமிடம் காக்கவைக்கும். வங்கி அனுப்பும் ஓடிபி காலாவதியாகி வந்து சேரும், பயனர்கள் கத்துவார்கள், நியாயம்தான். ஆர்ஸ்பேம்டி, 4 தாண்டிய சந்தேக மெயிலை மட்டும் காக்கவைக்கிறது. இந்த ஒன்றில் அதன் வெற்றி தெளிவானது. அதிலும் ஓடிபி தாமதமானால் லாக்கில் சாஃப்ட் ரிஜெக்ட் (தற்காலிக மறுப்பு) என்று தேடி, அந்த அனுப்புநரை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம்.

வேகத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெர்லைவிட சி வேகம், ஆர்ஸ்பேம்டி அதிக மெயிலைத் தாங்கும். ஒரு நாளைக்குச் சில நூறு மெயில் வரும் அலுவலகத்துக்கு இது முடிவைத் தீர்மானிக்காது. அதைவிடப் பயன், வெளியே போகும் மெயில் நம் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் இடுவதை ஆர்ஸ்பேம்டியே செய்துவிடுவது. ஸ்பேம்அசாசின் சரிபார்க்கும், கையொப்பம் இடாது, அதற்கு ஓபன்டிகேஐஎம் மாதிரி தனி நிரல் வேண்டும். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மெயில் அனுப்புகிறவர்கள் மீது கெடுபிடியைக் கூட்டிய பிறகு கையொப்பமில்லாத மெயிலுக்கு மதிப்பு குறைவு.

எதை எடுப்பது

புதிதாக சர்வர் கட்டுகிறீர்களா? யோசிக்காமல் ஆர்ஸ்பேம்டி. அமைப்புகளை மூலக் கோப்புகளில் திருத்தாமல் லோக்கல்.டி என்ற கோப்புறையில் மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் போய்விடும். வலைப்பக்கத்தில் மாற்றும் மதிப்பெண்கள் வேறிடத்தில் சேமிக்கப்பட்டு, கோப்பில் எழுதியதை மீறி நிற்கும் என்பதால், மாற்றுவதை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஸ்பேம்அசாசின் நன்றாகப் பழக்கப்பட்டு, புகார் இல்லாமல் ஓடுகிறதா? மாற்ற அவசரமில்லை. டிஎன்எஸைச் சரிசெய்து, 4.0க்கு ஏற்றி, விதிகளைத் தினமும் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தாலே இன்னும் பல வருடம் ஓடும். மாறத்தான் வேண்டும் என்றால், சொந்தமாக எழுதிய ஸ்பேம்அசாசின் விதிகளில் பலவற்றை ஆர்ஸ்பேம்டியே அதற்கான மாட்யூல் வழியாகப் படித்துக்கொள்ளும். பேயஸ் கோப்பை மட்டும் அப்படியே கொண்டுபோக முடியாது. பயனர்களின் ஸ்பேம் ஃபோல்டரையும் பழைய இன்பாக்ஸையும் வைத்துப் புதிதாகக் கற்பியுங்கள். முதல் சில வாரங்கள் மறுப்பதை முழுக்க அணைத்து, ஹெடர் எழுதுவதோடு நிறுத்தி, வரலாற்றுப் பக்கத்தைத் தினமும் ஒரு தடவை பாருங்கள். 15ஐத் தாண்டியவற்றில் ஒரு நல்ல மெயில்கூட இல்லை என்று உறுதியான பிறகு மறுப்பைத் திறந்துவிடலாம்.