லேசான லினக்ஸோடு நான்கு வருடம், அதில் மூன்று வருடம் ஒரே சண்டை

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான், "உன் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலா ஒரு குட்டி லினக்ஸ் ஓடுதே, அதை நானும் போடலாமா?" என்று. "தாராளமா போடு" என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அன்று காலைதான் மெஷினை ரீஸ்டார்ட் செய்திருந்தேன். அதாவது அன்று காலையும் நெட் போயிருந்தது.

நல்லதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் புகாரே இல்லை. மெஷினில் 2 ஜிபி ராம்தான். ஒன்றும் திறக்காமல் இருந்தால் சிஸ்டம் 250 எம்பிக்குள் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட பிறகு, பட்டனை அமுக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் டெஸ்க்டாப் வந்து நிற்கும். ஃபேன் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. அப்டேட் என்ற பெயரில் வேலையின் நடுவே வந்து வழிமறிக்காது. எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸில் எந்த வகை, என்பதை விடுங்கள், இந்த வகையில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இப்போது நெட்டுக்கு வருகிறேன்.

இதில் வைஃபையைக் கவனித்துக்கொள்வது கான்மேன் என்ற மென்பொருள். சின்னச் சாதனங்களை மனதில் வைத்து இன்டெல்லில் தொடங்கிய ப்ராஜெக்ட், செயில்ஃபிஷ் என்ற லினக்ஸ் வகை சிஸ்டம் உள்ள போன்களில் ஓடுவதும் இதுதான். லேசானது, வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் அதன் ஜன்னல் எனக்குப் பிடிபடவில்லை. வேறு சிஸ்டங்களில் இதே வேலையைச் செய்யும் நெட்வொர்க்மேனேஜரோடு பழகியவன் நான், மூலையில் ஒரு ஐகான், க்ளிக் செய்தால் பட்டியல், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஆக, முதல் வருட முடிவில் நெட்வொர்க்மேனேஜரை இன்ஸ்டால் செய்தேன். கான்மேனை நீக்கவில்லை. ஏதோ ஒரு பழைய குறிப்பைப் படித்துவிட்டு, வைஃபையையும் யூஎஸ்பி நெட்டையும் தொடாதே என்று கான்மேனின் கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அன்று முழுக்க நெட் அருமையாக ஓடியது. மறுநாள் பூட் செய்தேன், செத்துப்போயிருந்தது.

செத்தது என்றால் எப்படி? ஐகானில் சிக்னல் முழுசாக இருக்கிறது, "கனெக்டட்" என்று வேறு சொல்கிறது, பிரவுசரில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் வைஃபை கார்டைச் சந்தேகப்பட்டேன், டிரைவரைச் சந்தேகப்பட்டேன், ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன், கடைசியில் ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சியே வாங்கிவிட்டேன். குச்சியிலும் அதே வட்டம். அப்புறம் கடுப்பில் போனை கேபிளில் மாட்டி டெதரிங் போட்டேன், அதாவது போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தேன். அதிலும் "கனெக்டட்", அதிலும் வட்டம். அங்கேதான் மண்டையில் உறைத்தது: மூன்று வெவ்வேறு வழியும் ஒரே மாதிரி அடைபட்டால் கோளாறு வழியில் இல்லை.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, கூகுளின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) சர்வரான 8.8.8.8-க்கு பிங் போட்டேன், அதாவது "இருக்கிறாயா?" என்று குரல் கொடுத்துப் பார்த்தேன். பதில் வரிசையாக வந்து விழுந்தது. அதே பிங்கை ஒரு தளத்தின் பெயருக்குப் போட்டால் "டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்". நெட் அறுந்தால் எல்லோரும் ஐகானைத்தான் முறைக்கிறோம், உண்மையைச் சொல்வது இந்த பிங்தான். "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என்று வந்தால் வெளியே போக வழியே போடப்படவில்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் வழி இருக்கிறது, எதிர்முனையில் யாரும் குரல் கொடுக்கவில்லை, பெரும்பாலும் ரவுட்டர் வரையே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எனக்கு வந்தது மூன்றாவது ரகம். நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. டெம்பரரியாம். அந்த டெம்பரரி மூன்று வருடம் ஓடியது.

ஏன் மூன்று வருடம் என்றால், என் சோம்பேறித்தனம். எட்சி ஃபோல்டருக்குள் ரிசால்வ் டாட் கான்ஃப் என்று ஒரு ஃபைல் உண்டு, பெயரைத் தேட யாரிடம் போக வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். திறந்தால் நேம்சர்வர் 127.0.0.1 என்று இருந்தது. அதாவது "என்னிடமே கேள்". அதை அழித்து 8.8.8.8 என்று எழுதினேன், அந்த நொடியே எல்லாம் திறந்தது. அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடியும் 127.0.0.1. நான் அநேகமாக மூடியை மூடி வைப்பவன், ரீஸ்டார்ட் செய்வது மாதம் ஒருமுறைதான், அதனால் அந்த ஒரு வரியை எழுத ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போட்டு டெஸ்க்டாப்பில் "நெட்" என்ற பெயரில் ஒரு ஐகானாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே க்ளிக் செய்வேன்.

நண்பன் கேட்டதால்தான், குறை சொல்லும் முன் ஒருமுறை ஒழுங்காகப் பார்ப்போமே என்று அந்த ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல் மேல், ஃபைலின் விவரத்தைக் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் கட்டளையை அடித்தேன். அது ஃபைலே இல்லை! ரன் ஃபோல்டருக்குள் கான்மேன் வைத்திருக்கும் இன்னொரு ஃபைலைக் காட்டும் வெறும் லிங்க். ரன் ஃபோல்டர் இருப்பது ராமில், பூட் ஆகும்போதெல்லாம் காலியாகிப் புதிதாகப் பிறக்கும். அதனால்தான் நான் எழுதியது எதுவும் தங்கவில்லை. கான்மேன் தானே ஒரு டிஎன்எஸ் இடைத்தரகரை 127.0.0.1-ல் உட்கார வைக்கும். ஆனால் வைஃபையைத் தொடாதே என்று நானே சொல்லிவிட்டதால், அந்தத் தரகருக்கு மேற்கொண்டு யாரையும் தெரியாது. நெட்வொர்க்மேனேஜரோ, அடுத்தவன் போட்ட லிங்க்கைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும் குணம் கொண்டது. ஒருவர் கையில் கனெக்‌ஷன், இன்னொருவர் கையில் விலாசப் புத்தகம், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கான்மேன் சர்வீஸை நிறுத்தி, பூட்டில் எழாமல் செய்து, லிங்க்கை அழித்து, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்தேன். தன் பெயரை முதல் வரியில் போட்டு அதுவே புது ஃபைல் எழுதிக்கொண்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு வேண்டுமென்றே ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்தேன், ஐந்து முறையும் நெட் தானாக வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைத்தது நான்தான். ஆனால் லேசான சிஸ்டம் என்றால் இப்படித்தான், எதையும் தடுக்காது, எதையும் எச்சரிக்காது. கொஞ்சம் கனமான சிஸ்டம் என்றால் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே ஒரே ஆள் கையில் கொடுத்து முடித்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைஃபை நடுநடுவே தூங்கி விழுந்தால் பவர்சேவ் (மின்சாரத்தை மிச்சப்படுத்தும்) செட்டிங்கைப் பாருங்கள் என்பார்கள், சரியான யோசனைதான். ஆனால் நெட்வொர்க்மேனேஜரில் அதை அணைக்க 2 என்று போட வேண்டும், 3 என்றால் ஆன். நான் ஒரு வாரம் 1 போட்டுவிட்டுக் காத்திருந்தேன். 1 என்றால் எதையும் தொடாமல் இருப்பதை அப்படியே விடு என்று அர்த்தமாம்.

நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்போ நீ மட்டும் ஏன் வெச்சிருக்க?" என்றான். வேண்டுமானால் ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சி சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன்.