சேலத்தில் டிஎம்எஸ் சிகிச்சை: மெஷின் சரி, இன்ச் டேப் எப்படி?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் மனநல மையத்தில் மனச்சோர்வுக்கு டிஎம்எஸ் செய்கிறார்கள். தலையில் காயில் (கம்பிச் சுருள்) வைத்து, காந்தத் துடிப்பால் மூளையின் ஒரு பகுதியைத் தூண்டும் முறை. மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். நிறையும் குறையும் கலந்த இடம், ஐந்துக்கு மூன்றரை தரலாம். போன ஒன்றரையில் பெரும்பங்கு மெஷினால் போனதல்ல.

கூட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷாக் ட்ரீட்மென்டா?" என்றுதான். இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. முடிந்ததும் வண்டி ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். காயிலுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரம் பெரிய மின்னோட்டம் பாய்ந்து நிற்கிறது. அதனால் எழுந்து அடங்கும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, உள்ளே இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்குள் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட விதிதான். ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு 1985-இல் இதை மனித மூளையில் செய்து காட்டியது. காயிலுக்கு அடியில் புலம் ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா. புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் நரம்பு தூண்டப்படும். கஞ்சமலைக் காந்தக்கல்லைத் தலையில் கட்டிக்கொண்டாலும் ஒன்றும் நடக்காது. காந்த வளையல், காந்த மெத்தை விற்பவர்கள் இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் நாள்தான் முக்கியம், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். முதலில் மோட்டார் த்ரெஷோல்ட் பார்ப்பார்கள். இடது பக்கம், கைவிரலை இயக்கும் பகுதியின் மேல் காயிலை வைத்து ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்து, வலது கட்டைவிரல் துள்ளும் இடத்தைத் தேடுவார்கள். இடம் கிடைத்ததும் சக்தியைக் குறைத்துக்கொண்டே வந்து, 10 துடிப்பில் 5 முறை மட்டும் விரல் துள்ளும் அளவைப் பிடிப்பார்கள். அதுதான் உங்கள் த்ரெஷோல்ட். சிகிச்சை பெரும்பாலும் அதில் 120 சதவீதத்தில் நடக்கும். மெஷின் சக்தியில் 50 சதவீதத்தில் விரல் துள்ளினால் சிகிச்சை 60-இல். 85-இல்தான் துள்ளுகிறது என்றால் 102 வேண்டும், மெஷினால் முடியாது. அப்போது பெரும்பாலும் கோளாறு தலையில் இல்லை: காயில் சரியான இடத்தில் இல்லை, அல்லது தோலைவிட்டு எழும்பி நிற்கிறது. இந்த மையத்தின் டெக்னீஷியன் இதில் கெட்டிக்காரர். கையை மடியில் தளர்வாக வைக்கச் சொல்லி, விரலை மட்டுமே பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் செய்கிறார்.

சறுக்குவது அடுத்த படியில். தூண்ட வேண்டிய இடம் விரல் பகுதி அல்ல. அதற்கு முன்னால், நெற்றிக்கு மேல் இடது பக்கம் உள்ள டிஎல்பிஎஃப்சி என்ற மூளைப் பகுதி. இங்கே அதைப் பழைய முறையில், விரல் துள்ளிய இடத்திலிருந்து 5 செ.மீ. முன்னால் என்று இன்ச் டேப்பை வைத்துக் குறிக்கிறார்கள். எல்லாத் தலையும் ஒரே அளவா? பெரிய தலைக்காரருக்கு இந்த 5 செ.மீ. போதாமல், காயில் பின்னாலிருக்கும் ப்ரீமோட்டார் பகுதியிலேயே நின்றுவிடும். பணம் கட்டி, தினமும் வந்து, தவறான இடத்தில் தட்டு வாங்கிப் போக வேண்டியதுதான். எம்ஆர்ஐ பார்த்து வழிகாட்டும் நியூரோநேவிகேஷன் இல்லையென்றால் பரவாயில்லை, பீம் எஃப்3 முறை அதே இன்ச் டேப்பில் முடியும் (எஃப்3 என்பது தலையில் அந்த இடத்துக்கான குறியீடு). மூக்கு வேரிலிருந்து உச்சி வழியாகப் பிடரி மேடு வரை ஓர் அளவு. ஒரு காது முன்மடலிலிருந்து மறு காது வரை, அதுவும் உச்சி வழியாக, இன்னொன்று. தலைச் சுற்றளவு மூன்றாவது. இந்த மூன்றையும் இலவச மென்பொருளில் போட்டால் இடம் கிடைக்கும், கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகலாம். இதைச் செய்யாததற்கே அரை மதிப்பெண் போனது. "எஃப்3 அளந்து வைக்க முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் செய்கிறார்கள்.

குறித்த இடத்தை ஒவ்வொருவருக்கும் தனி நீச்சல் தொப்பியில் மார்க்கரால் வரைந்து, பெயர் எழுதி வைக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் தொப்பி தினமும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். கொண்டை போட்டு, மல்லிகைச் சரம் வைத்து, அதன் மேல் தொப்பி மாட்டினால் குறி விரலளவு நகரும், காயிலும் எழும்பும். சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே புலம் சட்டென்று பலவீனமாகும். தோடு, மாட்டல், மூக்குத்தி, காது மெஷின் எல்லாம் கழற்ற வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசியைத் தாண்டி வந்தவரும் தலையில் இருக்கும் கொண்டை ஊசியை எடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

சிட்டிங் இரண்டு வகை. 10 ஹெர்ட்ஸ் முறையில் 4 விநாடி தட்டு, 26 விநாடி ஓய்வு, 75 சுற்று, 3000 துடிப்பு, மொத்தம் 37.5 நிமிடம். ஓய்வை 11 விநாடியாகக் குறைத்தால் 18.75 நிமிடம். ஐடிபிஎஸ் என்பது துடிப்பைக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கும் முறை: 2 விநாடி தட்டு, 8 விநாடி ஓய்வு, 600 துடிப்பு, மூன்று நிமிடத்தில் முடியும். 2018-இல் லான்செட்டில் வந்த, 414 பேரை வைத்த கனடா ஆய்வில் ஐடிபிஎஸ் 37.5 நிமிட முறைக்குக் குறைந்ததாக இல்லை. எனவே மூன்று நிமிடத்தில் எழுப்பி விட்டார்களே என்று சண்டைக்குப் போக வேண்டாம். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். இரண்டாவது வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று பாதியில் நிற்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

தட்டு மரங்கொத்தி கொத்துவது போல இருக்கும். முதல் வாரம் தலைவலி வரலாம், பாரசிட்டமால் போதும். காதில் பஞ்சு போதாது, ஃபோம் அடைப்பான் வேண்டும். அதை மெல்லிசாக உருட்டி, காதைப் பின்னோக்கி மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை பிடிக்க வேண்டும். தறிச் சத்தம் பழகிய காது என்று மறுப்பவர்களுக்குத்தான் இது இன்னும் அவசியம். தறி ஊரான இளம்பிள்ளைப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்து நேராக நாற்காலியில் உட்காருவது இன்னொரு தப்பு. அரிதாக வலிப்பு வரக்கூடிய சிகிச்சை இது. தூக்கமின்மை, குடி, ப்யூப்ரோபியான் போன்ற மனச்சோர்வு மாத்திரை எல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டும். கார்பமாசெபைன், பெனிடாயின் மாதிரி வலிப்பு மருந்து சேர்த்தால் த்ரெஷோல்ட் ஏறும், நிறுத்தினால் இறங்கும். மருந்து மாறினால் மறுபடி அளக்க வேண்டும். இங்கே முதல் நாள் எழுதிய எண்ணையே மாதம் முழுக்க ஓட்டுகிறார்கள். இன்னொரு அரை மதிப்பெண் இதில் போனது.

தலைக்குள் உலோக கிளிப், காதுக்குள் பொருத்திய காக்லியர் இம்ப்ளான்ட் இருந்தால் வேண்டவே வேண்டாம். பல்லடைப்பு பிரச்சினையில்லை. சாப்பாட்டையே நிறுத்திவிட்ட, குரல் கேட்கும் அளவுக்குப் போன மனச்சோர்வுக்கு இது போதாது, ஈசிடி என்ற ஷாக் ட்ரீட்மென்ட்தான் சரி. அப்படிப்பட்டவர்களுக்குப் பாக்கேஜ் விற்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதற்காகவே இந்த மையத்துக்கு மரியாதை.

மீதி அரை மதிப்பெண் வரவேற்பறைச் சுவரில் போனது. "பெரும்பாலானோருக்கு முழு குணம்" என்ற போஸ்டரும், "ஆய்வுக்குச் சம்மதம்" என்ற ஒரு பக்கத் தாளும் அங்கே இருக்கின்றன. ஆய்வு என்றால் ஒப்பிட ஷாம் (போலி) காயில் வேண்டும். அதே சத்தம் வரும், தோலில் தட்டும் தெரியும், மூளைக்குப் புலம் போகாது. மருந்தில்லாமல் 190 பேரிடம் அப்படிச் செய்த, 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் முழுக்கத் தேறியவர்கள் நிஜக் காயிலில் சுமார் 14 சதவீதம், ஷாமில் 5. மருந்தோடு சேர்த்து, ஷாம் இல்லாமல் பார்த்தால் எண் நிறையவே ஏறும். ஏற்றத்தில் எவ்வளவு காயிலால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2012-இல் ஃபாக்ஸ் குழு, மூளையின் ஆழத்தில் இருக்கும் சப்ஜெனுவல் பகுதிக்கு எதிர்த்திசையில் இயங்கும் டிஎல்பிஎஃப்சி இடங்களைத் தூண்டும்போது பலன் கூடுவதாகக் காட்டியது. இன்ச் டேப்புக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்பதற்கு அதுவும் காரணம். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும் முன் எத்திக்ஸ் கமிட்டி எது, சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஆய்வுக்கென்று உங்களிடமே பணம் வாங்கினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் 20 சிட்டிங்குக்கு மொத்தமாக வாங்குகிறார்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று ரசீதில் எழுதி வாங்கவும். மாதாந்திர மின்தடை நாளில் ஜெனரேட்டரில் மெஷின் ஓடுகிறது, ஏசி ஓடுவதில்லை. சித்திரை வெயிலில் காயில் சூடேறித் தானே நின்றுவிடும், பாதி சிட்டிங்கோடு அனுப்பக்கூடாது. நின்ற இடத்திலிருந்து ஆறவைத்துத் தொடரச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை, மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 தாள் தமிழில் தருகிறார்கள். ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை. செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், முதல் வார எண் பாதியாகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது விழுந்தாலும் டெக்னீஷியன் மெஷினைத் தொடுவதில்லை. தாளோடு மாடிக்குப் போகிறார், டாக்டர் கீழே வந்து பேசிய பிறகுதான் தொப்பி தலையில் ஏறுகிறது.