சாக்கடை வீட்டுக்குள்ள வந்தா எங்க போறது: கன்ஸ்யூமர் கோர்ட்டா, ரிட்டா, நிரந்தர மக்கள் நீதிமன்றமா?

போன ஐப்பசி மழைல ராத்திரி ரெண்டரைக்கு பாத்ரூம்ல குடுகுடுன்னு சத்தம், எந்திரிச்சு போய் பாத்தா தரை ஜாலி வழியா கருப்பா தண்ணி பொங்கிட்டு இருக்கு. தெருவுல பாதாள சாக்கடை மெயின் லைன் அடைச்சு, மேட்டுத் தெரு கழிவு பூரா பள்ளத்துல இருக்குற எங்க வீட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுத்துருச்சு. விடியறதுக்குள்ள கணுக்கால் அளவு. வாஷிங் மெஷின் காலி, ப்ளைவுட் அலமாரி அடி உப்பிப்போச்சு, அரிசி டிரம்மை அப்படியே கொட்டினோம். அதுக்கு முன்னாடி மூணு கம்ப்ளைன்ட் கொடுத்தும் அடைப்பு எடுக்குற ஜெட்டிங் வண்டி வரல.

மனு நாள், ஹெல்ப்லைன் எல்லாம் அடைப்பு எடுக்க மட்டும்தான். பொதுத் தொல்லைன்னு வருவாய் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கிட்ட போகலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) பிரிவு 133, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 152. நிதி இல்லன்னு முனிசிபாலிட்டி சாக்கு சொல்லக்கூடாதுன்னு 1980 ரத்லாம் தீர்ப்பு வந்ததே அந்தப் பிரிவுலதான். ஆனா அதுல லைன் சரியாகும், அலமாரி காசு வராது.

ஹைகோர்ட் ரிட், அதாவது அதிகாரிகளுக்கு உத்தரவு போடச் சொல்லி கேக்குற மனு, நான் போடல. பக்கத்து தெருக்காரர் போட்டாரு, "மனுவ பரிசீலிச்சு முடிவெடுங்க"ன்னு ஆர்டர் வந்துச்சு, அவ்ளோதான். என் வீட்டுல எவ்ளோ நஷ்டம்னு சாட்சி வச்சு நிரூபிக்கிற இடம் அது இல்லன்னு எங்க வக்கீலும் சொன்னாரு. தெரு மொத்தமும் சேர்ந்து போறதா இருந்தா கதை வேற.

கன்ஸ்யூமர் கோர்ட் நல்ல போட்டிதான். சேவைக்கு நாம கட்டின தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா "நீங்க கட்டுறது வரி, அதனால நீங்க நுகர்வோரே இல்ல"ன்னு எதிர்தரப்பு முதல் வாய்தாலயே ஆரம்பிப்பாங்க. சாக்கடை கட்டணம் தனியா கட்டின ரசீது இருந்தா கொஞ்சம் தெம்பா நிக்கலாம்.

நான் போனது நிரந்தர மக்கள் நீதிமன்றம். சாதா லோக் அதாலத்னு நினைச்சுக்காதீங்க, அங்க ரெண்டு பேரும் ஒத்துக்கலன்னா கேஸ் கட்டை மூடி அனுப்பிடுவாங்க. இங்க முதல்ல பேசிப் பாப்பாங்க, படியலன்னா அவங்களே தீர்ப்பு சொல்லலாம், இதை சுப்ரீம் கோர்ட்டும் 2022-ல உறுதி பண்ணிருச்சு. சட்டத்துலயே துப்புரவு சேவை பொதுப் பயன்பாட்டு சேவை லிஸ்ட்ல இருக்கு, அதனால நீ யாரு நுகர்வோரான்னு கேள்வியே வராது. கோர்ட் ஃபீஸ் கிடையாது, ஒரு கோடி வரைக்கும் கேக்கலாம்.

எனக்கு முடிவு பண்ண வச்சது ஒண்ணே ஒண்ணு, அப்பீல் கிடையாது. கன்ஸ்யூமர்ல நீங்க ஜெயிச்சாலும் எதிர்தரப்பு மாநில கமிஷனுக்கு போகலாம், அவங்க வக்கீல் ஃபீஸ் அவங்க பாக்கெட்ல இருந்து போகல, நம்ம தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு நிக்கணும், ஒன்றரை லட்ச ரூபா நஷ்டத்துக்கு நாலு வருஷம் யாரு அலையறது? இங்க தீர்ப்பு சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி. மிஞ்சிப்போனா ரிட் போடலாம், அதுக்கு காரணம் பலமா வேணும். கத்தி ரெண்டு பக்கமும் வெட்டும், குறைவா கொடுத்தா நமக்கும் அதே கதிதான். இன்னொண்ணு, ஏற்கனவே வேற கோர்ட்ல கேஸ் போட்டுட்டு இங்க வர முடியாது, அதனால முதல்லயே முடிவு பண்ணிடுங்க.

கழுவறதுக்கு முன்னாடி செவுத்துல அழுக்குக் கோடு பக்கத்துல டேப் வச்சு எடுத்த போட்டோவும், மூணு கம்ப்ளைன்ட் நம்பரும் தான் பேச்சை திருப்புச்சு. சாட்சியச் சட்டக் கெடுபிடி அங்க இல்ல, போன் போட்டோவ அப்படியே பாத்தாங்க. கேட்டது 1,60,000, மூணாவது அமர்வுல 95,000-க்கு படிஞ்சுது, லைன் மாத்தி போடறதும் ஆர்டர்லயே எழுதி வாங்கிட்டேன். செக் வர இன்னும் ரெண்டு மாசம் இழுத்தாங்க, ஆர்டரை அமல்படுத்தச் சொல்லி கேக்குற நிறைவேத்து மனு டைப் பண்ணி வச்ச வாரத்துல வந்து சேர்ந்துச்சு. கழிவு திரும்பி உள்ள வராம தடுக்குற நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும் என் காசுலயே சேம்பர்ல போட்டுக்கிட்டேன்.