பவளத்தின் புரோஸ்டாகிளாண்டின்: எந்த நொதியின் கைவரிசை?

கரீபியன் கடலில் கிளைவிட்டு வளரும் பிளெக்சாரா ஹோமோமல்லா என்ற மென்பவளத்தில், ஹார்மோன் போலச் செயல்படும் கொழுப்புப் பொருளான புரோஸ்டாகிளாண்டின் குவிந்து கிடப்பது 1969-இல் தெரியவந்தது. நம் உடலில் இம்மியளவே உருவாகும் பொருள், அங்கே உலர்ந்த மேற்பட்டையின் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தயாரித்தது எந்த நொதி என்று தீர்ப்பதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் சந்தேகம் விழுந்தது லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி மீது. ஹீம் (இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் வளைய மூலக்கூறு) இல்லாத வெறும் இரும்பை வைத்துக்கொண்டு, புரோஸ்டாகிளாண்டினின் மூலப்பொருளான, 20 கார்பன் கொண்ட அராகிடோனிக் என்ற கொழுப்பு அமிலத்தின் 8-ஆம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை ஏற்றிவிடும். அதற்குமேல்தான் வேடிக்கை. அப்படி உருவாகும் பெராக்சைடை வாங்கி ஆலீன் ஆக்சைடாக மாற்றும் ஆலீன் ஆக்சைடு சிந்தேஸ் என்ற நொதி, அதே புரதச் சங்கிலியின் மறுபாதியாக ஒட்டியே பிறக்கிறது. 1997-இல் இந்த இரட்டையின் மரபணு பிடிபட்டது. தாவரங்களில் இதே வேலையைச் செய்வது சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம். பவளத்திலோ, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியின் உறவுக்காரர். விளைபொருள் நொடிகளில் உருமாறிவிடும். ஒரு பகுதி ஐங்கார்பன் வளையமாக மூடிக்கொள்ளும். புரோஸ்டாகிளாண்டினிலும் அப்படியொரு வளையம் உண்டு என்பதால் சந்தேகம் வலுத்தது.

சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதியின் வழி வேறு. ஹீம் உண்டு, இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சேர்த்து, வளையத்தையும் தானே மூடிவிடும். ஆஸ்பிரின் முடக்குவது நம்மிடமுள்ள இதன் உறவைத்தான். பவளத்திலும் இது இருப்பது 2001-இல் உறுதியானபோது வழக்கு ஏறத்தாழ முடிந்தது. பிளெக்சாராவின் நொதி 15-ஆம் கார்பனில், பாலூட்டி நொதிக்கு நேர்மாறான திசையில் ஆக்சிஜனைப் பொருத்துகிறது. 1969-இல் கிடைத்த பொருளும் அதே வார்ப்பு. இந்தத் திசைமாற்றத்துக்கு முக்கியக் காரணம் நொதியின் புரதச் சங்கிலியில் 349-ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கார்பன்!

ஆக, புரோஸ்டாகிளாண்டின் கணக்கு சைக்ளோஆக்சிஜனேஸுக்கே. ஆனால் பவளத்தின் அன்றாடப் பாட்டைப் புரிந்துகொள்ள ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், நான் பழி நீங்கிய அந்த இரட்டையைத்தான் எடுப்பேன். கப்னெல்லா இம்பிரிகேட்டா என்ற மென்பவளத்தை வெட்டிக் காயப்படுத்திப் பார்த்தபோது இரட்டை நொதியின் மரபணு வெளிப்பாடு கூடியது. இலை கிழிபட்டால் தாவரமும் தன் ஆலீன் ஆக்சைடு வழியைத்தான் முடுக்கிவிடுகிறது.